மாஷிக்குப் பதிலாக

படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கஞ்சி கொடுக்கும்போது தலையை லேசாக முன்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் பின்னால் சாய்த்து வாயில் ஊற்றுகிறார்கள். புரையேறுவது அதனால்தான். நான் அண்ணாவுக்கு நான்கைந்து மாதம் கஞ்சி கொடுத்தேன். ஒரு நாள்கூடப் புரையேறியதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த வங்காளி டாக்டரே, நர்ஸுகளுக்குக்கூட இந்தப் பக்குவம் வராது என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணா என்று நான் சொல்வது என் கணவர் ஜெய்ராமின் அண்ணாவை. பெயர் சிவராமகிருஷ்ணன். காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மன்னி போன பிறகு பிள்ளைகுட்டி இல்லாத மனிதர் தனியாக எதற்கு இருக்க வேண்டும் என்று லேக் கார்டன்ஸில் எங்கள் ஃப்ளாட்டுக்கே அழைத்துக்கொண்டோம். அழைத்தது நான்தான். இந்த மார்ச்சில் அவர் இறந்தார். எப்படி இறந்தார் என்று சொல்லத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், தமிழரசி மேடம்.

நீங்கள் தமிழ்க்காரர் என்பது எனக்குச் சௌகரியம். முப்பது வருஷமாக வெளியில் வங்காளம்தான் பேசுகிறேன். ஆனால் வீட்டுக்குள் நடந்தது தமிழில் நடந்தது, அதைத் தமிழில் சொன்னால்தான் சரியாக வரும். போலீஸிடம் சொல்வது கோர்ட்டில் செல்லாது என்று என் கணவரின் சிநேகிதரான வக்கீல் தைரியம் சொன்னார். எனக்கு அந்தத் தைரியம் வேண்டாம். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால்தான் செல்லும் என்றால் அங்கேயும் வந்து இதையே சொல்கிறேன்.

நான் விலங்கியல் படித்தவள். தாராதலா பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் அனிமல் ஹவுஸுக்கு சூப்பர்வைசர். எலி, முயல், கொஞ்சம் குரங்குகள். ஒரு மருந்து எந்த அளவுக்கு மேல் போனால் கெடுதல் செய்யத் தொடங்குகிறது என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமானால் யாருக்காவது கெடுதல் நடக்க வேண்டும். அதை நடத்தி, பார்த்து, எழுதித் தருவது என் வேலை. இதில் எனக்கு வெட்கம் கிடையாது. நீங்கள் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள்.

குரங்குகளில் ஒருத்தியை எங்கள் ஆட்கள் மாஷி என்று கூப்பிட்டார்கள். இங்கே சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். கூண்டு மூலையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று வீட்டுப் பெரியவள் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சமயம் பக்கத்துக் கூண்டு ஆண் குரங்குக்கு, நாங்கள் கொடுத்த மருந்தில், வலிப்பு வந்துவிட்டது. மாஷி தன் வாழைப்பழத்தைக் கம்பி இடுக்கில் அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுக்கவில்லை. கையை நீட்டி அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவன் அடங்கும் வரை விடவில்லை. அடங்கிய பிறகும் விடவில்லை, நாங்கள்தான் பிரித்தோம். அன்று அவள் சாப்பிடவில்லை. ஆனால் எனக்குப் பசித்தது. டிபன் டப்பாவைத் திறந்து புளியோதரை சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, எங்கள் இருவரில் யார் உசத்தி என்று முதல் தடவையாக நினைத்தேன்.

இதை அண்ணாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சரோபர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து காபியோடு உட்காருவார். நாங்கள் மூன்று பேரும் பேசுவோம், அவர் அதிகமாகப் பேசுவார். பேச்சு என்றால் அவருக்கு உயிர்.

“‘அவ விரலப் பிடிச்சிண்டா’ன்னு சொல்லாதே நீலா,” என்றார். “அது பிடிச்சிண்டுது. தமிழ் தெளிவாப் பிரிச்சு வெச்சிருக்கு, நாம உயர்திணை, அது அஃறிணை.”

அவள் துக்கப்பட்டாள் என்றேன்.

“வலி உண்டு. துக்கம் கிடையாது. துக்கப்படறதுக்கு வார்த்தை வேணும். இன்னார் போயிட்டார், இனிமே வரமாட்டார்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கத் தெரியணும். பேச்சும் யோசனையும்தான் மனுஷன். அது ரெண்டையும் உருவிட்டா, நானும் ஒன் கூண்டுல வந்து ஒக்காந்துக்க வேண்டியதுதான்.”

ஜெய்ராம் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நீங்கள் அப்படி எழுதிவிடக் கூடாது. என் சமையலில் ஒரு நாளும் குறை சொன்னதில்லை, என் புடவைகளை இஸ்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

ஒரு தடவை அனிமல் ஹவுஸைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். மாஷியின் முன்னால் நின்று வாழைப்பழத்தை நீட்டினார். அவள் கை வந்ததும் பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்தார். அதற்கப்புறம் நீட்டியபோது மாஷி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்து, ஆசை விட்டுப்போனால் மிருகம் திரும்பிக்கொள்ளும், அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை என்று விளக்கினார். நான் வாதாடவில்லை. வாதாடி ஜெயிக்கக்கூடிய ஆள் இல்லை அவர். அவர் போன பிறகு பழத்தை உரித்து மாஷியிடம் கொடுத்தேன். வாங்கவில்லை. என்னையும் அவரோடு சேர்த்துவிட்டாள் என்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டம் ரொம்ப நாள் போகவில்லை.

போன வருஷம் துர்கா பூஜையின்போது, அஷ்டமி காலையில், கீழே பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவர் குளியலறையில் விழுந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. வாயைத் திறந்தால் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இடது கை மட்டும் அசைந்தது. புத்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

ஜெய்ராம் பாங்கிலிருந்து வந்ததும் அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். அண்ணா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பகலில் ஒரு ஆயா. காலைக் கஞ்சியும் மாலைக் கஞ்சியும் நான்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஒரு புது மருந்து வந்தது. வலிப்புக்கானது. எலிகளுக்குப் பார்த்தாகிவிட்டது, அடுத்தது குரங்கு. மிஞ்சியிருந்தது மாஷி ஒருத்திதான். சிறிய அளவில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் ஏற்றிக்கொண்டே போக வேண்டும், தாங்க முடியாத இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார் டைரக்டர். வேறு குரங்கு வாங்கலாமே என்று கேட்டேன். புதிய சட்டங்கள் வந்துவிட்டன, அனுமதிக்கு அலைய வேண்டும், இருப்பதை வைத்துச் செய்யுங்கள் என்றார்.

மாலையில் மினிபஸ்ஸில் உட்கார்ந்து நன்றாக யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தாள் என்று நாளைக்கு யாரும் எனக்காக வாதாட வேண்டாம். இந்த மருந்து மனிதர்களுக்கானது. மனித உடம்பில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளத்தான் குரங்கின் உடம்பைக் கெடுக்கிறோம். ஏன் குரங்கு என்று கேட்டால், மனிதன் உசத்தி என்று பதில் வருகிறது. எதில் உசத்தி என்று கேட்டால், பேச்சு, யோசனை. எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பேச்சு இல்லை, யோசனை இருக்கிறதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. மாஷிக்கோ துக்கம் இருந்தது, மானம் இருந்தது. நான் எந்தப் புதுத் தத்துவத்தையும் உண்டாக்கவில்லை. அவருடைய தத்துவத்தை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் பாடம் எடுத்தவர் சொன்னதை, கடைசியில் சொன்னபடியே நம்பிய ஒரே மாணவி நான்தான் என்று நினைக்கிறேன்.

மாஷிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். மருந்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். எடைக்குத் தகுந்தபடி அளவைக் கூட்டினேன். கசப்பு தெரியாமல் இருக்கக் கஞ்சியில் கொஞ்சம் வெல்லம் சேர்த்தேன். ஆயாவிடம் டானிக் என்றேன். அவரிடம் கண்டதையெல்லாம் மாஷியிடம் கண்டதாகக் கம்பெனியில் எழுதிக்கொடுத்தேன்.

ஆரம்பத்தில் ஒன்றும் இல்லை. பிறகு தூக்கம் குறைந்தது. இடது கையில் நடுக்கம் வந்தது. கண் மஞ்சளித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பு தளர்ந்துகொண்டு வருகிறது, மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று ஜெய்ராமிடம் சொன்னார். நான் அளவை ஏற்றினேன். கண்ணீர் வரத் தொடங்கியது. கண்ணீர்ச் சுரப்பு அதிகம் என்று எழுதினேன். மிருகங்களுக்கு அப்படித்தான் எழுதுவோம், அழுதது என்று எழுதுவதில்லை.

ஒரு நாள் காலை நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனபோது இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து, கிண்ணத்தைத் தாழ்த்தியது. பிறகு விட்டுவிட்டு, நாற்காலியில் இருந்த என் ஆபீஸ் பையைக் காட்டியது. மருந்து பாட்டில் அதற்குள்தான் இருந்தது. கையை எடுக்காமல் என்னைப் பார்த்தது. நான் அன்றைக்கு, மருந்தை மறுக்கிறது என்று எழுதினேன். மறுநாளிலிருந்து கஞ்சி நேரத்தில் அந்தக் கையைக் கட்டிலோடு கட்டிவைத்தேன். என் பழைய நூல் புடவையைக் கிழித்த துணி. மெத்தென்றிருக்கும், தழும்பு விழாது. கட்டிய பிறகு அது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. தாடையை மெதுவாகப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இங்கே நீங்கள் பேனாவை வைத்துவிட்டு, “அம்மா, கொஞ்ச நேரமா நீங்க அவரை ‘அது’ன்னு சொல்லிட்டு வர்றீங்க,” என்றீர்கள். நான் கவனிக்கவில்லை. திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டார். ஜெய்ராம் வீட்டில்தான் இருந்தார். அண்ணாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஸ்ட்ரோக் என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தார். கேவ்ராதலா சுடுகாட்டில் எரித்தோம். நீங்கள் தோண்டி எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை, மேடம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பதின்மூன்றாம் நாள் சுபச் சடங்கோடு இது முடிந்திருக்கும். நான் நன்றாகத்தான் செய்தேன் அந்தச் சுபத்தை. லேக் மார்க்கெட்டிலிருந்து வாழையிலை வாங்கி வந்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டேன்.

பிறகு வேலைக்குப் போய், இந்த அளவுக்குமேல் போகக் கூடாது, உயிருக்கு ஆபத்து, மருந்தை நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். என் கணக்குப்படி எல்லாம் சரியாக முடிந்துவிட்டது. மருந்தின் எல்லை தெரிந்துவிட்டது, அதுவும் மனித உடம்பிலேயே தெரிந்துவிட்டது. மாஷி பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் டைரக்டர், சாகக்கிடக்கும் குரங்கைப் பார்க்க ஒரு கால்நடை டாக்டரோடு நேரில் வந்தார். மாஷி கொழுகொழுவென்று உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். தொலியை டைரக்டர் மேல் போட்டாள். கால்நடை டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்தச் சோதனையே செல்லாது என்று முடிவாயிற்று. எனக்கு வயதாகிவிட்டது, குழப்பிக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தார்கள். அனுமதிக்கு அலைந்தாலும் பரவாயில்லை, எட்டுக் குரங்குகள் வாங்கி முதலிலிருந்து செய்யலாம், மாஷியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் டைரக்டர்.

அப்படியானால் அண்ணா எதற்காகப் போனார்? இதை யோசித்துப் பாருங்கள். ஒரு உயிர் போய்க் கிடைத்த முடிவு. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, தெரிந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள இன்னும் ஒன்பது உயிர். எனக்கு அது அக்கிரமமாகப் பட்டது. டைரக்டரின் அறைக்குப் போய், முடிவு சரியானதுதான், உடம்புதான் வேறு என்று நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது, இரண்டு மாதம் லீவு எடுத்துக்கொள்ளுங்கள், இதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். குரங்குகளுக்கான ஆர்டரை நிறுத்துவீர்களா என்று கேட்டேன். லீவு விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். அப்போதுதான், இதைப் போலீஸில் பதிவு செய்தால் ஒழிய நிற்காது என்று எனக்குப் புரிந்தது.

ஜெய்ராமிடம் சொல்லாமல் வருவது முறையில்லை. அவர் சமையலறையில் காபிக்குப் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். பால் பாத்திரத்தை மூடிவைத்தார்.

“அண்ணாவுக்குத் தெரிஞ்சுதா நீலா?” என்றார்.

“தெரிஞ்சுது,” என்றேன். அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

அவர் அண்ணாவின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கட்டில் சட்டத்தில் துணி கட்டிய இடத்தைத் தேடுகிறவர் மாதிரி கையால் தடவிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வக்கீலை அனுப்பினாரே தவிர, அவர் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கூடப்பிறந்தவனுக்காகத் துக்கப்படுகிறார். அதை நான் மதிக்கிறேன். மாஷியிடம் இதைத்தான் முதலில் பார்த்தேன்.

கம்பெனியில் அனிமல் ஹவுஸைப் பூட்டிவிட்டார்கள் என்றும், மாஷியைக் காட்டிலாகா ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் நீங்கள் காலையில் சொன்னீர்கள். ஆர்டரும் நின்றுவிட்டதாம். நன்றி. இந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஒரு மனிதனைக் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சிவராமகிருஷ்ணனை, அவர் நினைவோடு இருக்கிறார் என்று தெரிந்தே, கையைக் கட்டி, மூன்று மாதத்துக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றேன். பைத்தியம் என்று எழுத வேண்டாம். அறியாமல் செய்தாள் என்று எழுத வேண்டாம். மாஷியைக் கொன்றிருந்தால் எனக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள், இவரைக் கொன்றதற்குத் தூக்கு என்றால், அந்த வித்தியாசத்தைக் கோர்ட்டில் யாராவது எனக்கு விளக்கட்டும். உட்கார்ந்து கேட்கத் தயாராக இருக்கிறேன். மனிதன் ஒரு மயிரிழைகூட உசத்தி இல்லை என்பதுதான் நான் கண்டது. எல்லா உயிரும் ஒன்று. அந்த நம்பிக்கையில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

பேனாவை மூடிவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள்.

“மனுஷ உடம்புலதான் பாக்கணும்னா, அந்த மருந்தை நீங்களே சாப்பிட்டிருக்கலாமே அம்மா?”

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. மாதக்கணக்கில் யோசித்தும் தோன்றவில்லை, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் பதில் சுலபமானது, மேடம். மருந்து சாப்பிடுகிறவர் வேறு, பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுகிறவர் வேறு. மாஷிக்கு எழுதத் தெரியாது, அண்ணாவால் எழுத முடியாது. மூன்று பேரில் அதற்குத் தகுதி உள்ளவள் நான் ஒருத்திதான்.